படிக்கல்லான மீஸான்கள்

எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர் மையவாடிக்கும் ஒரு நடை போய்வருவது என்னிடம் ஒட்டிக்கொண்ட பழக்கம். முதலில் கபுறாளிகளுக்கு ஸலாம், பிறகு ஒரு பாத்திஹா, அதற்குப் பிறகுதான் கெமராவை வெளியே எடுப்பேன். இந்த ஒழுங்கை ஒருநாளும் மாற்றியதில்லை. ஆனாலும் ஏச்சு வாங்காத ஊர் குறைவு. "கபுறயும் போட்டோ புடிக்கிறயா? உங்களுக்கு வேற வேல இல்லையா?" என்று கேட்டவர்களில் மௌலவிமாரும் உண்டு, என் உம்மாவும் உண்டு.

அவர்களுடைய கேள்வியை நான் இலேசாக எடுத்ததில்லை. கபுறின் மேல் கட்டுவதையும் சுண்ணாம்பு பூசுவதையும் அதில் எழுதுவதையும் விலக்குகின்ற ஹதீஸ்கள் இருக்கின்றன. கபுறுகளைத் தரிசியுங்கள், அவை மறுமையை நினைவூட்டும் என்ற கருத்தில் வந்த ஹதீஸும் இருக்கிறது. எழுதலாமா கூடாதா என்பதை ஆலிம்கள் பேசட்டும். நான் தேடிப்போவது எழுதி முடிந்த கல்லை. எழுநூறு வருசத்துக்கு முன் ஒருவர் எழுதிவிட்டார். இன்று அதை வாசிப்பதா, காலில் மிதிப்பதா என்பதுதான் எனக்கு முன்னால் இருக்கும் கேள்வி.

மிதிப்பது என்று சும்மா சொல்லவில்லை. எங்கள் ஊர்ப் பள்ளியில் ஹவ்ளுக்குப் போகும் வழியில் ஒரு கருங்கல் பதிந்து கிடந்தது. அதில் கால் வைத்துத்தான் சின்ன வயதிலிருந்து வுளூச் செய்யப் போயிருக்கிறோம். அது ஒரு மீஸான் கல் என்பது சீனாவுக்குப் போய்வந்த பிறகுதான் என் கண்ணுக்குப் பட்டது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில் சீனா.

என் மச்சான் குவாங்சோவுக்குச் சாமான் எடுக்கப் போகிறவர். ஒருமுறை நானும் கூடப் போனேன். நம்மூர் வியாபாரிகளுக்கு அந்த நகரம் பழகிய இடம். வெள்ளிக்கிழமை வந்தால் அவர்களில் பலர் அபூ வக்காஸ் ஸியாரத்துக்குப் பக்கத்திலுள்ள பள்ளிக்கு ஜும்ஆவுக்குப் போவார்கள். ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரழி) அவர்கள் அடங்கிய இடம் என்று அங்கே ஒரு கபுறு இருக்கிறது. மச்சான் கண் கலங்கி நின்றார். எனக்கோ மனம் இரண்டாகப் பிரிந்தது. அந்த ஸஹாபி மதீனாவுக்கு அண்மையில் வபாத்தாகி ஜன்னத்துல் பகீயில் அடக்கப்பட்டார் என்பதுதான் வரலாற்று நூல்கள் தரும் செய்தி. அப்படியானால் இங்கே படுத்திருப்பவர் யார்? பெயர் போய்விட்ட யாரோ ஒரு மூத்த முஸ்லிம். பெரிய பெயர் ஒன்று மேலே வந்து அமர்ந்ததில் அவருடைய சொந்தப் பெயர் அடியில் போய்விட்டது. அவருக்காகவும் சேர்த்துத்தான் ஓதினேன்.

அங்கிருந்து மச்சானை அவருடைய வியாபாரத்தோடு விட்டுவிட்டு, கடற்கரை ஓரமாகக் கிழக்கே போகும் ரயிலில் சுவான்சோ என்ற நகரத்துக்குப் போனேன். "மற்றவன் சீனாவுக்கு வந்தா சாமான் தேடுவான். நீங்க மையவாடி தேடுறீங்க" என்று சிரித்து வழியனுப்பினார்.

சுவான்சோ என்றால் நமக்குப் பழக்கமில்லை. ஸைத்தூன் என்றால் இப்னு பதூதாவை வாசித்தவர்களுக்கு உடனே விளங்கும். 1344இல் இலங்கைக்கு வந்து பாவா ஆதம் மலை ஏறி இறங்கிய அதே மனிதர், சீனாவில் முதலில் கால் வைத்த துறைமுகம் அது. ஸைத்தூன் என்ற அரபுச் சொல்லுக்கு ஒலிவம் என்று பொருள். ஆனால் அந்த ஊரில் ஒலிவமே இல்லை என்பதை இப்னு பதூதாவே எழுதியிருக்கிறார். ஊரைச் சுற்றி நட்டிருந்த மரத்தின் சீனப் பெயர் 'சிதொங்'. அதைக் கேட்ட அரபுக் காதுகள் ஸைத்தூன் என்று எடுத்துக்கொண்டன. அந்த மரம் வேறொன்றுமில்லை, நம்மூர் வேலிகளில் சிவப்பாய்ப் பூக்கும் முள்முருக்கு இனம்தான்.

நகரின் பழைய தெருவில் பள்ளிவாசல் நிற்கிறது. ஹிஜ்ரி 400இல் (கி.பி. 1009-10) கட்டப்பட்டதென்றும், ஹிஜ்ரி 710இல் ஷீராஸைச் சேர்ந்த ஒருவர் புதுப்பித்தாரென்றும் அதன் சுவரிலுள்ள அரபுக் கல்வெட்டு சொல்கிறது. தொழுகை மண்டபத்துக்கு இப்போது கூரை இல்லை. உயர்ந்த கல்வாயிலும் கல்தூண்களும் சுவரில் ஆயத்துகளும் மிச்சம். மேலே திறந்த வானம். சில எட்டுத் தூரத்தில் சீனக் கோயிலில் சாம்பிராணிப் புகை எழும்புகிறது. அந்த மணம் ஸப்பு வரைக்கும் வருகிறது.

நான் தேடிப்போனது நகரின் கிழக்கு வாயிலுக்கு அப்பால் இருக்கும் லிங்ஷான் மலையை. காலை ஏழு மணிக்கே போய்விட்டேன். மரநிழலுக்குள் படிகள் ஏறுகின்றன. மேலே இரண்டு கபுறுகள் பக்கத்தில் பக்கத்தில். அவற்றின் பின்னால் குதிரை லாடம் போல வளைந்த ஒரு கல்மண்டபம் மலையைக் குடைந்து நிற்கிறது. நபி (ஸல்) அவர்களுடைய காலத்தில் நான்கு பேர் சீனாவுக்கு வந்தார்கள், அதில் இருவர் இங்கே அடங்கினார்கள் என்பது ஊர்க் கதை. பதினேழாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ஒரு சீன நூலில் அந்தக் கதை இருக்கிறது. ஆயிரம் வருசம் கழித்து எழுதப்பட்டதை வைத்து அப்படியே நம்பச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் மண்டபத்தில் நிற்கும் அரபுக் கல்லைத் தட்டிக்கழிக்க யாராலும் முடியாது. ஹிஜ்ரி 722இல் ஊர் முஸ்லிம்கள் கூடி இந்த இரண்டு கபுறுகளையும் திருத்தியமைத்தார்கள் என்று அது பதிகிறது. ஆக, எழுநூறு வருசத்துக்கு முன்பே இவை பழைய கபுறுகள்.

பக்கத்தில் இன்னொரு கல், சீனத்தில். அதன் முன்னால் நான் அதிக நேரம் நின்றேன். 1417இல் ஹுர்முஸுக்கும் மற்ற நாடுகளுக்கும் கடற்பயணம் புறப்பட இருந்த தளபதி செங் ஹே இங்கே வந்து ஊதுவத்தி கொளுத்திப் பாதுகாப்பு வேண்டினார் என்பது அதன் செய்தி. செங் ஹே யூனான் மாகாணத்து முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். வாப்பாவை ஹாஜி என்று அழைத்திருக்கிறார்கள்.

இலங்கை ஆளுக்கு இந்தப் பெயர் எங்கோ கேட்ட பெயர். கொழும்பு தேசிய நூதனசாலையில் காலி மும்மொழிக் கல்வெட்டு என்று ஒன்று இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையில் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். அது செங் ஹே கொண்டுவந்த கல். 1409ஆம் ஆண்டுத் திகதி இடப்பட்டது. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெனவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வின் பேராலும் காணிக்கைகள் சொல்லப்படுகின்றன. (இவ்வளவு பணிவாகக் காணிக்கை வைத்தவர்தான் 1411இல் இங்கிருந்த ஆட்சியாளரையே பிடித்துக் கப்பலில் ஏற்றிப் போனார் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.) அந்தக் கல் 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டபோது ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்தது. மூன்று மொழிகளில் அதிகம் தேய்ந்துபோனது பாரசீகப் பகுதி. நம்முடைய பகுதி என்று சொல்லத்தக்கது எதுவோ அதுதான் வாசிக்கக் கஷ்டம்.

மதகு மூடியாகக் கிடந்த கல் என்பதை மனதில் வைத்துக்கொண்டு மத்தியானம் ஸைத்தூன் கடல்சார் நூதனசாலைக்குள் போனேன். உள்ளே போனதும் கால் நின்றுவிட்டது. ஒரு மண்டபம் முழுக்க மீஸான் கற்கள். நம்மூர் மரக்கட்டையோ சிமெந்துப் பலகையோ அல்ல. மேற்புறம் கூர்வளைவாகச் செதுக்கிய கருங்கற்கள். எழுத்து குழியாக இல்லை, புடைப்பாக எழும்பி நிற்கிறது. சிலதில் மேகத்தின் மேல் பிறை. மேகம் செதுக்கிய கை சீனக் கை என்று பார்த்ததும் தெரிகிறது. அரபு எழுத்து சில இடங்களில் அரபு தெரியாத கை வெட்டியதுபோலக் கோணுகிறது. ஒரு பிழையை நானே கண்டுபிடித்துவிட்டுப் பெருமைப்பட்டேன். பிறகு வெட்கமாக இருந்தது. கல்தச்சன் அறியாத மொழியில் ஓர் ஆயத்தைப் பிழையில்லாமல் கொண்டுவரப் பட்ட பாட்டை நினைத்தால் அது பிழையே அல்ல.

கற்களில் ஊர்ப்பெயர்கள் வருகின்றன. ஷீராஸி, இஸ்பஹானி, தப்ரீஸி, புகாரி. இப்னு பதூதா இதே நகரில் சந்தித்ததாகச் சொல்லும் ஆட்களும் இப்படித்தான். காழி அர்தபீலைச் சேர்ந்தவர், ஷெய்குல் இஸ்லாம் இஸ்பஹானைச் சேர்ந்தவர், பெரிய வியாபாரி தப்ரீஸைச் சேர்ந்தவர், தைக்காவிலிருந்த ஷெய்கு காஸரூனைச் சேர்ந்தவர். எல்லோரும் எங்கிருந்தோ வந்தவர்கள். ஒவ்வோர் ஆத்மாவும் மரணத்தைச் சுவைக்கும் என்ற ஆயத்து கல்லுக்குக் கல் இருக்கிறது. அதோடு இன்னொரு வாசகமும் திரும்பத் திரும்ப வருகிறது. பிறந்த ஊரைவிட்டு அந்நியராக மரணிப்பவர் ஷஹீதாக மரணிக்கிறார் என்ற கருத்துள்ள ஹதீஸ். அதன் ஸனதைப் பற்றி ஹதீஸ் கலை அறிஞர்களுக்குக் கேள்விகள் உண்டு. ஆனால் அந்நிய மண்ணில் தன் தோழரை அடக்கிவிட்டுக் கல் நட்டவனுக்கு வேறு எந்த வாசகம் ஆறுதல் தந்திருக்கும்?

அந்த வரியைப் படம் எடுக்கும்போது எனக்கு ஓட்டமாவடி நினைவுக்கு வந்தது. 2020 ஏப்ரலில் கொரோனாவில் இறந்தவர்களை எரிக்கத்தான் வேண்டும் என்று வர்த்தமானி வந்தது. பத்து மாதத்துக்கு மேல் நாம் பட்டதை இந்த இதழின் வாசகர்களுக்கு நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. 2021 பெப்ரவரியில் அடக்குவதற்கு அனுமதி வந்தபோதும் அவரவர் ஊர் மையவாடியில் இடமில்லை. கொழும்பிலும் கண்டியிலும் இறந்தவர்களின் ஜனாஸாக்கள் ஓட்டமாவடி மஜ்மா நகருக்கு வந்தன. ஒரு வருசத்துக்குள் 3,634 பேர் அங்கே அடக்கப்பட்டார்கள். முஸ்லிம்கள் மட்டுமல்ல, மற்றச் சமயத்தவரும். அங்கே நான் போன நாளில் வரிசை வரிசையாக மணல் மேடுகள். ஒரு படம்தான் எடுத்தேன், கை வரவில்லை. சொந்த நாட்டுக்குள்ளேயே ஒரு மனிதரை அந்நியராக அடக்கலாம் என்பதை அங்கேதான் கண்டேன்.

நூதனசாலையில் இன்னொரு கல்லை மறக்க முடியாது. முப்பது வயதில் 1321இல் இறந்த ஒருவருக்கு மகன் நட்டது. அரபு, பாரசீகம், சீனம் மூன்றும் அதில் உண்டு. சீனப் பகுதியில் பிறந்த நாளும் நேரமும் சீன வழக்கப்படி. மற்றப் பக்கத்தில், இவர் மரணித்த ஸைத்தூன் இவர்கள் குடும்பத்துத் தாயின் நகரம் என்று ஒரு சொல். தகப்பன் வழி கடலுக்கு அப்பால், தாய் வழி இந்த மண். காலியிலும் வேருவளையிலும் மன்னாரிலும் காயல்பட்டினத்திலும் நம்முடைய கதையும் இதுதானே. நம் வரலாற்றை எழுதியவர்கள் வந்த கப்பலை எண்ணி எண்ணி எழுதினார்கள். எந்த வாப்பா எந்தத் துறையில் இறங்கினார் என்று சண்டை கூடப் பிடித்தார்கள். கரையில் நின்ற உம்மாவைப் பற்றி இரண்டு வரி இருக்காது. அந்த மகன் ஒரு கல்லில் அதைச் சொல்லிவிட்டார்.

இத்தனை கற்களும் மையவாடியில் இல்லாமல் எப்படி இங்கே வந்தன? விளக்கத்தைப் படித்தபோதுதான் விசயம் விளங்கியது. 1357இலிருந்து 1366 வரை அந்த நகரில் பாரசீகப் படையினர் கிளர்ந்து ஆட்சி நடத்தினார்கள். அதை அடக்கியபோது வெளிநாட்டாரைப் பெருந்தொகையாகக் கொன்றார்கள். பிறகு மிங் காலத்தில் நகர மதிலைத் திருத்தக் கல் தேவைப்பட்டது. மையவாடிகளில் செதுக்கிய கல் தயாராக நின்றது. ஷீராஸியும் புகாரியும் மதிலுக்குள் போனார்கள். ஐந்நூறு வருசத்துக்கு மேல் யாரும் வாசிக்கவில்லை. 1920களின் பிற்பகுதியிலிருந்து பாதை அகலமாக்குவதற்கு என்றும் யுத்தத்துக்கு என்றும் மதிலை உடைத்தபோது கற்கள் வெளியே விழுந்தன. கல்தச்சர்கள் விலைக்கு எடுத்தார்கள்.

அப்போது ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் வந்தார். பெயர் வூ வென்லியாங். படிப்பித்தது உயிரியல். முஸ்லிம் அல்ல, அரபும் தெரியாது. தன் சம்பளத்தில் கல்லைக் கல்லாக வாங்கி வீட்டு முற்றத்தில் அடுக்கினார். முஸ்லிம் கல், கிறிஸ்தவக் கல், சைவக் கோயில் கல் என்று பிரிக்காமல் சேர்த்தார். 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கூட அந்த ஊரில் கிடைத்திருக்கிறது, அங்கே சிவன் கோயில் இருந்திருக்கிறது. சேர்த்ததை அரசுக்குக் கொடுத்துவிட்டு 1957இல் புத்தகமாகவும் போட்டார். இன்று ஸைத்தூன் முஸ்லிம்களைப் பற்றி யார் எழுதினாலும் அந்த மனிதரின் முற்றத்தைத் தாண்டிப் போக முடியாது. தன் மொழியில் இல்லாத, தன் மார்க்கத்தில் இல்லாத பெயர்களுக்காக ஒருவர் சம்பளத்தைச் செலவழித்தார் என்பது எனக்குச் சங்கடமாகவே இருந்தது. நம் மொழியில், நம் மார்க்கத்தில் உள்ள பெயர்களுக்கு நாம் என்ன செய்தோம்?

கொழும்பையே பாருங்கள். இலங்கை முஸ்லிம் வரலாறு எழுதுகிற எல்லோரும் எடுத்துக்காட்டும் ஒரு கூஃபி எழுத்துக் கல் உண்டு. ஹிஜ்ரி 337, அதாவது கி.பி. 948. காலித் இப்னு அபூ பகாயா என்பவரின் மீஸான். இலங்கையில் பிரதம நீதியரசராக இருந்த சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன் அதைப் பிரதி எடுப்பித்து அனுப்ப, சாமுவேல் லீ மொழிபெயர்த்து, 1827இல் அரச ஆசியச் சங்கத்தின் வெளியீட்டில் வந்தது. அதன் வாசிப்பில் பிழைகள் இருக்கலாம் என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள், அது வேறு கதை. நான் சொல்ல வருவது கல் கிடந்த இடம். ஒல்லாந்தர் காலத்தில் 1787 அளவில் கொழும்பு முஸ்லிம் மையவாடியிலிருந்து அதைத் தூக்கிப்போய் ஒரு திசாவையின் வீட்டு வாசற்படியாகப் போட்டிருந்தார்கள். நம் ஆயிரம் வருசத்துக்குச் சாட்சி என்று மேடை மேடையாக நாம் காட்டும் கல், நாம் பாதுகாத்து வைத்த கல் அல்ல. எவருடையவோ வாசலில் செருப்புக்கு அடியில் தப்பியது.

ஒல்லாந்தரைக் குறை சொல்லிவிட்டு நான் ஊருக்கு வந்தேன். வந்த மறுநாள் லுஹருக்குப் போய் ஹவ்ளடியில் கால் வைத்தபோதுதான் கண் குத்தியது. கல்லின் மேற்புறம் கூர்வளைவு. இரண்டு மாதமாக அதே வளைவைப் படமாகப் பார்த்துக்கொண்டிருந்த கண் அல்லவா. குனிந்து தடவினேன். விரலுக்கு ஏதோ தட்டுப்பட்டது.

மோதினாரிடம் கேட்டேன். "இது எப்பவும் இஞ்சதான் கிடக்கு தம்பி. எங்கட வாப்பாட காலத்திலயும் இதுல நிண்டுதான் காலக் கழுவின" என்றார். வயதாளிகளிடம் விசாரித்ததில் கொஞ்சம் பிடிபட்டது. எங்கள் மையவாடி நிரம்பியபோது மேலே மண் போட்டு உயர்த்தி மறுபடி அடக்கத் தொடங்கினார்கள். கட்டைகள் மண்ணுக்குள் போயின. நிமிர்ந்து நின்ற கற்கள் சிலதைப் பிடுங்கி எடுத்துப் பள்ளி வேலைக்குப் போட்டார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. நல்ல கல், பள்ளிக்கு உதவட்டும் என்று செய்தது. ஸைத்தூன் மதிலைத் திருத்தியவனும் நல்ல கல் என்றுதானே எடுத்திருப்பான்.

தேய்ந்த எழுத்தைப் படம் எடுப்பதற்கு ஒரு முறை இருக்கிறது, ஊரூராக இளைஞர்கள் செய்யலாம் என்பதற்காகச் சொல்கிறேன். உச்சி வெயிலில் எடுத்தால் ஒன்றும் விழாது. ராத்திரியில் டோர்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். அப்போது எழுத்தின் நிழல் நீளும். வெளிச்சத்தை நாலு பக்கமும் மாற்றி மாற்றி எடுங்கள். சுண்ணக்கட்டி பூசாதீர்கள், கம்பித் தூரிகையால் தேய்க்காதீர்கள், பாசியைச் சுரண்டாதீர்கள். பக்கத்தில் ஓர் அடிமட்டம் வைத்து எடுங்கள், அளவு தெரியும். கல்லை மட்டும் எடுத்தால் போதாது, அது நிற்கும் இடத்தோடு சேர்த்தும் ஒன்று வேண்டும். திகதியை எழுதி வையுங்கள். கபுறு மேல் கால் படாமல் பார்த்துக்கொள்வதை நான் சொல்லத் தேவையில்லை.

அன்று இஷாவுக்குப் பிறகு மோதினார் டோர்ச்சைப் பிடித்தார், நான் படுத்துக்கொண்டு எடுத்தேன். முதல் மூன்று பக்கமும் ஒன்றுமில்லை. நாலாவது பக்கத்திலிருந்து வெளிச்சம் வந்தபோது நடுவில் மூன்று எழுத்து எழும்பியது. பே, நூன், தே. பின்த். இன்னாருடைய மகள். முன்னால் இருந்த அவருடைய பெயர் இல்லை. பின்னால் இருந்த வாப்பாவின் பெயரும் இல்லை. இரண்டையும் எங்கள் கால்கள் அழித்துவிட்டன.

நம்பிக்கையாளர் சபையில் பேசினேன். ஒருவர், கல்லுக்கு மரியாதை செய்யப் போய் வேறு எங்கோ கொண்டுபோய் விடும் என்று பயந்தார். இன்னொருவர், பூப்போட்டுப் பச்சை போர்த்திவிட வேண்டும் என்றார். நான் இரண்டும் வேண்டாம், அதில் யாரும் கால் வைக்காத இடத்துக்கு எடுத்தால் போதும் என்றேன். நோன்பு முடிந்த பிறகு பார்ப்போம் என்றார்கள். நோன்பு முடிந்து, ஹஜ்ஜுப் பெருநாளும் முடிந்து, ஒருநாள் அலவாங்கோடு நாலு பேர் வந்தார்கள்.

அடிப்பக்கத்திலும் எழுத்து இருக்கும், மண்ணுக்குள் இருந்ததால் தேயாமல் இருக்கும் என்று எனக்குள் ஓர் ஆசை. புரட்டினோம். வெறும் கல். உளி பட்ட அடையாளம் மட்டும். மோதினார் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து மண்ணைக் கழுவினார். மையவாடி மதிலோரம் கொண்டுபோய் நிறுத்தினோம். அவருடைய கபுறு எது என்று தெரியாததால், எந்தக் கபுறுக்கும் சொந்தமில்லாத ஒரு மூலையில்.

"அந்தப் போட்டோவ எனக்கும் வாட்ஸ்அப்பில அனுப்புங்க தம்பி" என்றார் மோதினார்.